பேராச்சியம்மாள் ஏறாத பன்னிரண்டு படிகள்

மருதாலம் முன்சீப் கோர்ட்டுக்கு ஒரு காலத்தில் இருபத்தொரு படிகள் இருந்தன, இன்றைக்கு ஆறுதான் இருக்கின்றன, வெளியூர் வக்கீல்கள் யாராவது வந்து கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு இது ஏன் இப்படிக் குட்டையாக இருக்கிறது என்று கேட்டால் நாங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே, அதுவா, அது இறங்கி வந்துவிட்டது என்போம். காணாமல்போன பதினைந்தில் பன்னிரண்டு படிகளை இறக்கியவள் ஓடைத்தெரு பேராச்சியம்மாள். மீதி மூன்றை அவளுக்குப் பின்னால் இறக்கியவர்களின் கதையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவள் கதை, அதில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பேராச்சியம்மாளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருஷமாகக் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியவள், புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்கிறவள். அவளுடைய இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன, வலதுகால் ரொம்ப மோசம், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி எக்ஸ்ரேயில் ஒரு கோடாகக்கூட இல்லை என்று டாக்டர் சொன்னார். காலையில் எழுந்தால் கால் மடங்காது, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தெட்டு வைத்த பிறகுதான் முழங்கால் மனசு வைக்கும். சமதரையென்றால் மெதுவாக எவ்வளவு தூரமும் போய்விடுவாள். படியென்றால் தொலைந்தது. ஏறும்போது முட்டிக்குள்ளே யாரோ மணலை அரைப்பதுபோல வலிக்கும், இறங்கும்போது அதைவிட மோசம், கால் தன்னைக் கைவிட்டுவிடும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு படியிலும் பாதம் வைப்பாள். டாக்டர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், சும்மா உட்கார்ந்தால் தொடையில் இருக்கிற பலமும் போய்விடும், அதனால் தினமும் நடக்கவேண்டும், சமதரையில் மட்டும் நடக்கவேண்டும், படியேறவே கூடாது என்று.

சமதரை அவள் வீட்டு வாசலிலேயே இருந்தது. வாசலிலிருந்து தெருவுக்கு நாற்பது எட்டு, கல் முள் இல்லாத பாதை, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்த பாதை. அந்தப் பாதையின் குறுக்கேதான் அவளுடைய கொழுந்தன் வண்டிமலை ஒரு சித்திரை மாதத்தில் ஆளுயரச் சுவரைக் கட்டினான், தன் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றான், பாதை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லையே என்றான். ஐம்பத்தைந்து வயதிலும் மாதாமாதம் மலைக்கோயிலுக்கு ஓடியே ஏறுகிறவன் அவன், வலி என்றால் என்னவென்று தெரியாதவன், தெரியாததை இல்லாததாக நினைக்கிறவன். சுவர் எழும்பிய பிறகு பேராச்சியம்மாள் பீடிக்கட்டைக் கடையில் கொண்டுபோய்ப் போட ஓடைக்கரையில் பதினான்கு கல்படி ஏறி அந்தப் பக்கம் பதினான்கு இறங்கவேண்டியிருந்தது. டாக்டர் படியை வேண்டாமென்றார், கொழுந்தன் தரையை இல்லையென்றான், இரண்டுக்கும் நடுவில் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்து அழுகிப்போகவேண்டியதுதான் என்று தெரு முடிவு செய்தது. அவள் வழக்குப் போட்டாள்.

படியேற முடியவில்லை, என் பாதையைக் கொடுங்கள் என்று கேட்பதற்கு இருபத்தொரு படி ஏறித்தான் போகவேண்டும் என்பது எங்களில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. கோர்ட்டு என்றால் உயரத்தில்தான் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மற்ற வாய்தாவுக்கெல்லாம் அவளுடைய வக்கீல் அருமைநாயகம் போய் நின்றால் போதும், ஆனால் குறுக்கு விசாரணைக்கு வழக்குப் போட்டவள்தான் கூண்டில் ஏறவேண்டும். முதல் தடவை விசாரணைக்கு வைத்த அன்று டவாலி மூக்காண்டி வாசலில் நின்று அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டபோது அவள் ஐந்தாம் படியில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தாள், மூன்றாவது குரலுக்கும் ஆள் வரவில்லையென்று வழக்கு தள்ளுபடியானது. அருமைநாயகம் மனுப்போட்டு, கெஞ்சி, அதைத் திரும்ப எடுக்க வைத்தார். இன்னொரு தடவை கூப்பிட்டு வராவிட்டால் இந்த வழக்கு என் கோர்ட்டில் முடிந்தது என்று முன்சீப் அம்மா எச்சரித்திருந்தார். அப்படியானால் சுவர் சுவராகவே நிற்கும்.

அருமைநாயகம் நல்ல மனுஷர், அதனால் நிறைய யோசனை சொன்னார்.

"கோர்ட்டு சார்புல ஒரு கமிஷனர் போடச் சொல்லிக் கேப்போம். உங்க வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கிடுவாங்க."

"எந்த வழியா வருவாரு வக்கீலய்யா? வழி இருந்தா நான் எதுக்கு கேஸ் போடுதேன்?"

"சரி, நம்ம ஜூனியர் பையங்க நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருவானுவ."

"செத்த பெறகு தூக்கட்டும். அதுக்கும் நாலு பேருதான் வேணும்."

கடைசியாக வண்டிமலை அனுப்பிய சமாதானத்தைச் சொன்னார். சுவரில் ஒரு கேட் வைப்பானாம், சாவி அவனிடம் இருக்குமாம், மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, ஒரு வார்த்தை கேட்டால் எந்த நேரமும் திறந்துவிடுவானாம். பேராச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அவன் கேட்டு வைப்பான், நான் கேட்டுக் கேட்டு நடக்கணுமா? எம் புருஷங்கிட்டயே நான் கேட்டுட்டு நடந்தது கிடையாது." அதற்குப் பிறகு அருமைநாயகம் யோசனை சொல்வதை விட்டுவிட்டார்.

விசாரணை நாளன்று அவள் காலை எட்டு மணிக்கே வந்து படியில் கால் வைத்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், கெட்ட கால் பின்னால், டாக்டர் வீட்டு நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை அது. இடதுகாலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பற்றி, வலதுகாலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்து, நின்று, மூச்சுவிட்டு, மறுபடி இடதுகாலைத் தூக்கி வைத்து, அப்படியே ஏறினாள், குமாஸ்தாக்கள் அவளைத் தாண்டிப் போனார்கள், கேஸ் கட்டுகளோடு வக்கீல்கள் தாண்டிப் போனார்கள், வண்டிமலை இரண்டிரண்டு படியாகத் தாண்டி, "என்ன மைனி, இன்னைக்காவது வந்து சேருவியளா?" என்று கேட்டுக்கொண்டே போனான். ஒன்பதாம் படியில் வலது முழங்கால் வீங்கி நின்றுவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்தாள். மேலே பன்னிரண்டு படிகள் இருந்தன.

பதினொன்றே கால் மணிக்கு மூக்காண்டி வெளியே வந்தான். அவன் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். "பேராச்சியம்மாள்! பேராச்சியம்மாள்! பேராச்சியம்மாள்!"

"இந்தா வந்துட்டேன்!" என்றாள் ஒன்பதாம் படியிலிருந்து.

எங்கள் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டால் அடுப்படியில் இருக்கிறவளும் வந்துட்டேன் என்பாள், குளித்துக்கொண்டிருக்கிறவனும் வந்துட்டேன் என்பான், இன்னும் செருப்பே போடாதவன் போனில் பாதி தூரம் வந்துட்டேன் என்பான். அதற்கு இனிமேல்தான் வரப்போகிறேன் என்று அர்த்தம் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு உள்ளே எழுதிக்கொண்டிருந்த கிளார்க் எதையும் சொன்னபடி எழுதுகிற ஆள், வேலையில் சேர்ந்து மூன்றே நாளானவர், வாசலிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் குனிந்த தலை நிமிராமல் 'வாதி வந்துவிட்டார், ஆஜர்' என்று எழுதி மையொற்றிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிவசைலம் கூண்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எழுந்தார்.

"அம்மா, ஆஜர்னு எழுதியிருக்கு. ஆள் இல்லை. இதை அடிச்சுட்டுத் தள்ளுபடி பண்ணணும்."

முன்சீப் அம்மா வட மாவட்டத்துக்காரர், சின்ன வயசு, அடித்தல் திருத்தல் என்றால் ஆகாது. தன் கோர்ட்டில் எழுதப்பட்டது பொய்யாக இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமானவர். அவரே எழுந்துவந்து மாடிக் கைப்பிடியோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் வக்கீல்கள், வக்கீல்கள் பின்னால் நாங்கள்.

"ஏம்மா, வந்துட்டேன்னு சொன்னது நீங்கதானே? ஏன் அங்கயே உக்காந்திருக்கீங்க?"

"வந்துட்டேன் தாயி. என் காலு வரக்கூடிய அளவுக்கு முழுசா வந்துட்டேன். ஒரு படி பாக்கி வைக்கல. மிச்சத்துக்கு நீங்க எறங்கி வாங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கோர்ட்டு இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, நிறைமாதக்காரி நாற்காலியில் உட்காருவதுபோல மேல்மாடி முழுதும், மேசை, கூண்டு, காற்றாடி, நின்றிருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து, நிதானமாக ஒரு படி இறங்கி நின்றோம். இருபத்தொன்றாம் படி காணவில்லை. முன்சீப் அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பாதி தூரம் வந்தவங்களை வரலைன்னு சொல்ல முடியாது. அவங்களும் கோர்ட்டும் வர்ற அளவுக்கு வரட்டும். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி" என்று வாய்தா போட்டுவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த மாதமும் அவள் ஒன்பதாம் படியில் உட்கார்ந்தாள், மூக்காண்டி கூப்பிட்டான், அவள் பதில் சொன்னாள், கோர்ட்டு ஒரு படி இறங்கியது. அதற்கடுத்த மாதமும் இறங்கியது. கட்டடங்களைப் பார்க்கிற என்ஜினீயர் டேப்போடு வந்து ஒருநாள் முழுக்க அளந்து, விரிசல் ஏதுமில்லை, கட்டடம் நல்ல நிலையில் முன்னைவிடச் சற்றுக் கீழே இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். ஐந்தாம் மாதத்துக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. வாய்தா நாளில் பதினோரு மணி வாக்கில் டீக்கடைக்காரர் கிளாஸ்களைப் பிடித்துக்கொள்வார், டைப்பிஸ்ட்டுகள் கையை எடுத்துவிடுவார்கள், இறங்கினதும் மறுபடி தட்டுவார்கள். கீழே நகல் பிரிவில் இருந்தவர்களுக்குத்தான் கஷ்டம், மாதாமாதம் கூரை தலைக்கு நெருங்கி வந்தது, முதலில் காற்றாடியைக் கழற்றினார்கள், பிறகு உயரமான ஆளை மாற்றல் வாங்கிப் போகச் சொன்னார்கள், பிறகு மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய் விரித்து எழுதினார்கள். ஹெட் கிளார்க் அலட்டிக்கொள்ளவில்லை. மாடியில் இருக்கறவங்களுக்குக் குனிஞ்சு பழகின முதுகுதானே, இப்ப அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு என்றார்.

வக்கீல் சங்கம் கூடி நீதிமன்றத்தின் உயரத்தைக் காக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதை வாசித்த தலைவர் தம்முடைய சொந்த மூட்டுவலியால் அன்றைக்கு எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே வாசித்தார் என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு அவரும் படியில் வந்து உட்கார ஆரம்பித்தார். எங்கேயிருந்துதான் வந்தார்களோ, அத்தனை வருஷமும் எங்கள் ஊரில் இத்தனை கெட்ட முழங்கால்கள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. பத்திர எழுத்தர் ஒருவர், ரிட்டையரான போலீஸ்காரர், மீன்காரி செல்லக்கனி, எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண், எல்லோரும் பேராச்சியம்மாளைச் சுற்றியும் அவளுக்குக் கீழேயும் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கால் முதலில் மரத்தது, எந்தத் தைலம் ஏமாற்றியது, தரையில் உட்கார்ந்தால் எதைப் பிடித்து எழுந்திருப்பது என்று பேசினார்கள். அதுவரைக்கும் அவர்கள் தங்கள் வலி வயசு என்றும் சோம்பல் என்றும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள், தாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டவர்கள். அந்தப் படியில்தான் முதல்தடவையாக அதைக் கோபமாகச் சொன்னார்கள். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோர்ட்டுக்கும் ஆள் தெரிந்தது. திடகாத்திரமான ஒரு ரியல் எஸ்டேட்காரர் தன் பங்குக்குக் காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று படியில் உட்கார்ந்தபோது அது அரைப் படி மேலே ஏறிக்கொண்டது, அவரை எழுப்பி விரட்டிய பிறகுதான் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு புண்ணியவான் மாலை வாங்கிப் போட்டு, கொஞ்சம் இறங்கி வாயேன் தாயே என்று கும்பிட்டான். கும்பிட்டவனுக்கு அது இம்மியும் அசையவில்லை. உட்கார்ந்து, இதற்குமேல் ஏறமாட்டேன் என்று சொன்னவர்களுக்குத்தான் இறங்கியது.

பன்னிரண்டாம் மாதம், மழைநாள், பேராச்சியம்மாளுக்கு மழைநாளில் வலி கூடும். அன்றைக்கு ஒன்பதாம் படியை எட்டுவதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. மூக்காண்டி கூப்பிட்டான், கோர்ட்டு கடைசியாக ஒரு படி இறங்கி அவள் பாதத்துக்குச் சமமாக வந்து நின்றது, அவள் எழுந்து, நாலெட்டு விறைப்பாக வைத்து, பிறகு சரியாகி, ஈரச்சேலையோடு உள்ளே நடந்துபோனாள். அங்கே சாட்சிக் கூண்டு இருந்தது. கூண்டுக்கு ஒரு மரப்படி இருந்தது.

எல்லோரும் காத்திருந்தோம். அது இறங்கவில்லை. முன்சீப் அம்மா, "கீழ நின்னே சொல்லலாம்மா" என்றார். பேராச்சியம்மாள் கூண்டின் சட்டத்தைப் பிடித்தாள். "இல்ல தாயி. இது ஒண்ணு நான் ஏறுதேன். என்னால முடிஞ்சத நான் ஒருநாளும் மாட்டேன்னு சொன்னதில்ல." இடதுகாலை வைத்தாள், வலதை இழுத்துச் சேர்த்தாள், முட்டி 'களுக்' என்று சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. ஏறிவிட்டாள். முகம் வேர்த்திருந்தது.

சிவசைலம் கெட்டிக்கார வக்கீல். ஒரு வருஷமாக ஒரே ஒரு கேள்வியைத்தான் தீட்டி வைத்திருந்தார். டாக்டர் சர்டிபிகேட்டைக் கையில் தூக்கிக் காட்டினார்.

"உங்க ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. உண்மைதானே?"

"உண்மைதான்."

"வருஷா வருஷம் இன்னும் மோசமாத்தான் ஆகும்னு டாக்டர் எழுதியிருக்காரு. உண்மைதானே?"

"அவரு எழுதுனா உண்மையாத்தான் இருக்கும்."

"படியேற முடியாது, வேகமா நடக்க முடியாது, இதுக்காக ஒரு கோர்ட்டையே கீழ இறக்கியிருக்கீங்க. நடக்கவே முடியாத உங்களுக்குப் பாதை எதுக்கும்மா?"

அருமைநாயகம் எழப்போனார், முன்சீப் அம்மா கையால் உட்காரச் சொன்னார். வண்டிமலை முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"பல்லு போனவளுக்குச் சோறு எதுக்குன்னு கேப்பியளா வக்கீலய்யா?" என்றாள் பேராச்சியம்மாள். "குழையப் பொங்கித்தான போடுவிய? எங் கொழுந்தனுக்கு எதுக்கு பாதை? அவன் சுவரேறிக் குதிப்பான், ஓடைய தாண்டுவான், மலையிலயே ஓடுதவன். பாதை இல்லாட்டாலும் அவன் போயிருவான். பாதைங்கறதே என்னை மாதிரி உள்ளவளுக்குத்தான போட்டு வச்சது? நான் மெதுவா நடப்பேன். நின்னு நின்னு நடப்பேன். நாப்பது எட்டுக்கு நாலு தடவ நிப்பேன். வலிக்கும்யா, நல்லா வலிக்கும், அது என் காலு, என் வலி, அதை நான் பாத்துக்கிடுதேன். நடக்கமுடியாதுன்னு நீங்க எழுதக்கூடாது. நடக்க விடலன்னு எழுதுங்க."

கிளார்க் சொன்னபடி எழுதினார். சிவசைலம் சர்டிபிகேட்டை மடித்துக் கட்டுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இருபது நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. பாதை பாதைதான், சுவரை எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் கோர்ட்டு அமீனா வந்து எடுப்பார். வண்டிமலை எடுக்கவில்லை, அமீனா நாலு ஆளோடு வந்து எடுத்தார். செங்கல் தூள் அடங்குவதற்குள் பேராச்சியம்மாள் வாசலை விட்டு இறங்கிவிட்டாள். தெருவே வந்து நின்றது. முதல் எட்டுகள் விறைப்பாக இருந்தன, சுவர் இருந்த இடத்துக்கு வந்தபோது வலி உச்சத்தில் இருந்தது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், பிறகு போனாள், தெருமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள், வீட்டுவாசலைத் தொட்டுவிட்டு மறுபடியும் புறப்பட்டாள். பீடிக்கட்டு கையில் இல்லை, கடைக்குப் போகிற வேலையும் இல்லை, சும்மாவே நடந்தாள்.

மூன்றாவது தடவை அவள் வரும்போது வண்டிமலை தன் வீட்டு முன்னால் நின்று கத்தினான். அவன் கையில் தீர்ப்பு நகல் கசங்கியிருந்தது.

"இத்தோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதிய மைனி! மேல்கோர்ட்டுக்குப் போறேன். அது பெரிய கட்டடம், நாலு மாடி. அங்க வந்து பாருங்க!"

பேராச்சியம்மாள் பாதையின் நடுவில் நின்றாள். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வலதுகாலைக் கொஞ்சம் தூக்கி முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நீ முன்னால ஏறிப் போ வண்டிமலை. போயி மேலயே இரு. நான் கீழ்ப்படியில உக்காந்திருக்கேன், அந்தக் கோர்ட்டு உன்னையும் சேத்து எறக்கிட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு இடதுகாலை எடுத்து வைத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் நடந்துகொண்டேயிருந்தாள்.